கண்ணுக்குப் புலப்படும் அருள்: கத்தோலிக்கரின் அன்றாட வழக்கங்களைப் புரிந்துகொள்ள ஓர் அறிமுகம்

கத்தோலிக்க ஆலயத்துக்குள் முதன்முறையாக நுழையும் ஒருவர் சில நிமிடங்களுக்குள் பல செயல்களைக் காண்கிறார். வாசலருகே வைத்திருக்கும் தீர்த்தத்தில் விரலை நனைத்துச் சிலுவை அடையாளம் வரைந்துகொள்கிறார்கள். இருக்கையில் அமரும் முன் பீடத்தை நோக்கி ஒரு காலை மடித்து முழந்தாளிடுகிறார்கள். மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். திருப்பலி தொடங்கும்போது இறந்துபோன ஒருவருடைய பெயர் வாசிக்கப்படுகிறது. நண்பரின் திருமணத்துக்கு வந்த இந்து அன்பரோ, கத்தோலிக்கக் குடும்பத்தில் புதிதாக வாழ வந்த மருமகளோ, தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த உறவினரோ இவற்றுக்குக் காரணம் கேட்டால், "அது எங்கள் வழக்கம்" என்பதே பெரும்பாலும் பதிலாகக் கிடைக்கிறது. அந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்வது கேட்டவருக்கும் நியாயம் செய்வதில்லை, அந்த வழக்கத்துக்கும் நியாயம் செய்வதில்லை. தனித்தனியாகப் பார்க்கும்போது சிதறிக் கிடப்பவைபோலத் தோன்றும் இந்த வழக்கங்கள் யாவும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. அந்த வேரைக் கண்டுகொண்டவருக்குப் பெரும்பாலான கேள்விகளின் விடை தானாகவே விளங்கத் தொடங்கும்.

கடவுள் மனிதரானார் என்னும் நம்பிக்கையே அந்த வேர். கடவுள் கண்ணுக்கு எட்டாதவர். ஆனால் நாசரேத்து இயேசுவில் அவர் பசியும் களைப்பும் கண்ணீரும் உள்ள உடலை ஏற்றார் என்று கிறிஸ்தவம் கற்பிக்கிறது. நற்செய்தி நூல்களில் வரும் இயேசு, பிறவியிலேயே பார்வையற்றவரின் கண்களில் உமிழ்நீரால் குழைத்த சேற்றைப் பூசுகிறார். காது கேளாதவரின் காதுகளில் விரலை இடுகிறார். பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கால் வருந்திய பெண் அவருடைய மேலுடையின் விளிம்பைத் தொட்டு நலம் பெறுகிறார். ஒரு சொல்லால் எல்லாவற்றையும் செய்யக்கூடியவர் ஏன் சேற்றையும் தொடுதலையும் துணியையும் பயன்படுத்தினார்? மனிதர் உடலோடு வாழ்பவர்கள். அவர்களுக்கு அன்பும் மன்னிப்பும்கூட உடலின் வழியாகவே வந்து சேர்கின்றன. ஆகவே, கடவுளின் அருள் நீர், எண்ணெய், அப்பம், இரசம், மனிதக் கை, மனிதக் குரல் ஆகியவற்றின் வழியாக வருவதைக் கத்தோலிக்கர்கள் வியப்பாகக் கருதுவதில்லை.

இவ்வாறு கண்ணுக்குப் புலப்படும் அடையாளத்தின் வழியாகப் புலப்படாத அருள் தரப்படுவதையே அருளடையாளம் என்கிறோம். திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை, ஒப்புரவு, நோயில்பூசுதல், குருத்துவம், திருமணம் என்னும் ஏழையும் அருளடையாளங்களாக, ஆயர்களின் உலகளாவிய மாமன்றங்களுள் ஒன்றான திரெந்து பொதுச்சங்கம் 1547-இல் வரையறுத்தது. வீட்டுப் பெரியவர்கள் திருமுழுக்கு, ஒப்புரவு, நோயில்பூசுதல் ஆகியவற்றையே முறையே ஞானஸ்நானம், பாவசங்கீர்த்தனம், அவஸ்தைப்பூசுதல் என்னும் பழைய பெயர்களால் குறிப்பிடுவதைப் புதியவர்கள் கேட்கக்கூடும், இரண்டும் ஒன்றே. தீர்த்தம், செபமாலை, சாம்பல், குருத்தோலை போன்றவை இந்த ஏழினுள் சேராதவை. அவை மனத்தை அருளுக்கு ஆயத்தப்படுத்தும் துணைப்பொருள்கள். தம்மளவில் ஆற்றல் கொண்ட தாயத்துகளாக அவற்றைக் கருதுவதைத் திருச்சபையே கண்டிக்கிறது.

நிறைவேற்றும் குருவானவர் தகுதியற்றவராக இருந்தால் அருளடையாளம் பலிக்குமா என்று பலர் கேட்கிறார்கள். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வட ஆப்பிரிக்கத் திருச்சபையை இரண்டாகப் பிளந்த கேள்வி இது. தகுதியற்றவர் நிறைவேற்றிய சடங்கு செல்லாது என்று தொனாத்துஸ் என்னும் ஆயரைப் பின்பற்றியவர்கள் வாதிட்டார்கள். யார் நீரை ஊற்றினாலும் திருமுழுக்கு அளிப்பவர் கிறிஸ்துவே என்று புனித அகுஸ்தீன் விடையளித்தார்; திருச்சபை அந்த விடையைத் தனதாக்கிக்கொண்டது. அருளின் உறுதி மனிதரின் நற்குணத்தைச் சார்ந்திருக்குமானால், எந்த நம்பிக்கையாளரும் தாம் பெற்றதைக் குறித்து ஒருநாளும் நிம்மதியாக இருக்க முடியாது. இதனால் தவறு செய்யும் குருவின் பொறுப்பு சிறிதும் குறைவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதே கொள்கையின்படிதான், உயிருக்கு ஆபத்தான வேளையில் எந்த மனிதரும் திருமுழுக்கு அளிக்கலாம். மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்து தவிக்கும் குழந்தையின் தலையில், கிறிஸ்தவரல்லாத செவிலியர்கூட, திருச்சபை செய்வதையே தாமும் செய்யும் எண்ணத்தோடு நீரை ஊற்றி, "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று சொன்னால் அது முழுமையான திருமுழுக்காகும். திருமுழுக்கு வாழ்வில் ஒரே ஒரு முறைதான். மூவொரு கடவுளின் பெயரால் நீரைக் கொண்டு பிற திருச்சபைகளில் அதைப் பெற்றவர் கத்தோலிக்கராக விரும்பினால், மீண்டும் திருமுழுக்கு அளிக்கப்படுவதில்லை. ஒன்றும் அறியாத குழந்தைக்கு ஏன் அளிக்க வேண்டும் என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது: அருள் என்பது நாம் கேட்டுப் பெறுவதற்கு முன்பே கடவுள் தரும் கொடை. அந்தக் கொடையைக் குழந்தை அறிந்து வளர்வதற்கான பொறுப்பைப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் ஏற்கிறார்கள். ஞானத்தாய், ஞானத்தந்தை என்பது நெருங்கிய உறவினரைப் பெருமைப்படுத்துவதற்கான பட்டமாகச் சுருங்கிவிட்ட குடும்பங்களில் இந்தப் பொறுப்பு மறக்கப்படுவது வருத்தத்துக்குரியது.

ஞாயிறு திருப்பலியும் நற்கருணையும்

கத்தோலிக்க வாழ்வின் நடுவில் இருப்பது திருப்பலி. அதன் முதற்பகுதியில் திருவிவிலியம் வாசிக்கப்பட்டு மறையுரை ஆற்றப்படுகிறது. இரண்டாம் பகுதியில், இயேசு தம் சாவுக்கு முந்திய இரவில் சீடர்களோடு உண்ட இறுதி இரவுணவில் செய்ததைக் குருவானவர் செய்கிறார். அப்பத்தை எடுத்து "இது என் உடல்" என்றும், கிண்ணத்தை எடுத்து "இது என் இரத்தம்" என்றும் இயேசு சொன்னார். இதை உருவகமாக மட்டும் எடுத்துக்கொள்ளாமல், சொன்னது சொன்னபடியே நிகழ்கிறது என்று கத்தோலிக்கத் திருச்சபை நம்புகிறது. அப்பத்தின் நிறமும் சுவையும் வடிவமும் மாறுவதில்லை. அது என்னவாக இருக்கிறது என்பது மாறிவிடுகிறது. 1215-இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் பயன்படுத்திய இந்தப் பொருண்மை மாற்றம் என்னும் விளக்கத்தை, 1551-இல் திரெந்து பொதுச்சங்கம் உறுதிப்படுத்தியது. இவ்வாறு மாறிய அப்பமே நற்கருணை. மீந்த நற்கருணை பேழையில் வைக்கப்படுவதும், அதன் அருகே இரவும் பகலும் விளக்கு எரிவதும், உள்ளே வருபவர் முழந்தாளிடுவதும் இந்த நம்பிக்கையின் விளைவுகளே.

இங்கிருந்துதான் பலருக்கு மனத்தாங்கல் தரும் கேள்வி எழுகிறது: பிற சமயத்தவரோ பிற திருச்சபையினரோ ஏன் நற்கருணை பெறக் கூடாது? கோவிலில் பிரசாதத்தைப் பணிவோடு ஏற்றுப் பழகிய அன்பர்கள், வேறுபாடு அறியாமல், மரியாதை கருதியே வரிசையில் வந்து நிற்கிறார்கள். பிரசாதம் வருவோர் அனைவருக்கும் உரியது. நற்கருணையோ ஓர் அறிக்கையோடு சேர்ந்தது. குருவானவர் "கிறிஸ்துவின் உடல்" என்று சொல்லும்போது பெறுபவர் "ஆமென்" என்கிறார். அது கிறிஸ்துவே என்று நான் நம்புகிறேன், இந்தத் திருச்சபையின் நம்பிக்கையோடும் ஒழுங்கோடும் ஒன்றித்திருக்கிறேன் என்பதே அந்த ஒரு சொல்லின் பொருள். அந்த நம்பிக்கை இல்லாதவரை ஆமென் சொல்லச் செய்வது அவருடைய மனச்சாட்சியை மதிப்பதாகாது. கனமான பாவத்தில் இருக்கும் கத்தோலிக்கரும், குருவிடம் அதை அறிக்கையிட்டு ஒப்புரவு பெறாமல் நற்கருணை வாங்குவதில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஒழுங்கு அயலாரை ஒதுக்குவதற்காக ஏற்பட்டதன்று என்பது புரியும். விருந்தினர் தம் இடத்தில் அமர்ந்திருந்து அமைதியாக வேண்டிக்கொள்ளலாம். அவரைத் தடுத்து நிறுத்தி வெட்கப்படுத்தும் நிலை வராதபடி, அழைத்து வந்த கத்தோலிக்க நண்பர் முன்னதாகவே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அது அவருடைய கடமை என்றே நான் கருதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமையிலும் கடன்திருநாள்களிலும் திருப்பலியில் பங்கேற்பது கட்டாயக் கடமை. சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் அந்தக் கடமை நிறைவேறுகிறது. நோயாளிக்கும், கைக்குழந்தையையோ படுக்கையில் கிடக்கும் முதியவரையோ விட்டு வர முடியாதவருக்கும், வேலையின் கட்டாயத்தால் வர இயலாதவருக்கும் இந்தக் கடமை இல்லை. அதைத் தவறவிட்டதாக எண்ணி அவர்கள் வருந்த வேண்டியதுமில்லை. தொலைக்காட்சித் திருப்பலி இத்தகையோருக்கு ஆறுதல் தரும். வரக்கூடியவருக்கு அது ஈடாகாது, ஏனெனில் நற்கருணையைத் திரையின் வழியாகப் பெற முடியாது. படுக்கையில் இருப்போருக்கு வீட்டுக்கே நற்கருணை கொண்டுவருமாறு பங்குத்தந்தையிடம் கேட்கலாம். நற்கருணை பெறுமுன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும். தண்ணீரும் மருந்தும் இதற்கு விலக்கு. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பேணுவோருக்கும் அந்த ஒரு மணி நேரக் கட்டுப்பாடும் இல்லை.

பாவத்தை ஏன் ஒரு மனிதரிடம் சொல்ல வேண்டும்?

கத்தோலிக்க வழக்கங்களில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது ஒப்புரவுதான். கடவுளிடம் நேரடியாக மன்னிப்புக் கேட்கலாமே என்று கேட்கிறார்கள். கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அன்றாடச் சிறு குற்றங்கள் உள்ளார்ந்த செபத்தாலும் திருப்பலியாலும் அன்புச் செயல்களாலும் மன்னிக்கப்படுகின்றன. ஆனால் உயிர்த்த இயேசு சீடர்கள்மேல் ஊதி, எவருடைய பாவங்களை நீங்கள் மன்னிப்பீர்களோ அவை மன்னிக்கப்படும் என்று சொன்னதாக யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரம் கூறுகிறது. மன்னிக்கும் பணி மனிதரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்றால், மன்னிக்கப்பட வேண்டியது எது என்று அவர்கள் கேட்டறிய வேண்டியிருக்கிறது. பாவம் ஒருபோதும் கடவுளுக்கும் எனக்கும் இடையில் மட்டும் நின்றுவிடுவதில்லை. அது சமூகத்தையும் காயப்படுத்துகிறது. ஆகவே சமூகத்தின் சார்பில் ஒருவர் இருந்து, மீண்டும் வா என்று அழைப்பது பொருத்தமானது.

செய்முறை எளிது. முதலில் மனச்சாட்சியை ஆராய்ந்து பார்க்க வேண்டும். செய்ததற்கு மனம் வருந்தி, இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். கனமான பாவங்களை, நினைவுக்கு எட்டிய வரை, எத்தனை முறை என்பதோடு குருவிடம் அறிக்கையிட வேண்டும். அவர் சொல்லும் பரிகாரத்தை ஏற்றுப் பாவமன்னிப்பு வாக்கியத்தைப் பெற வேண்டும். என்ன சொல்வதென்று தெரியாதவர், "எனக்கு முறை தெரியவில்லை, உதவி செய்யுங்கள்" என்று சொன்னாலே போதும். குருவானவர் ஒவ்வொன்றாகக் கேட்டு வழிநடத்துவார். ஆண்டுக்கு ஒரு முறையாவது இதைச் செய்ய வேண்டும் என்பது 1215-ஆம் ஆண்டுப் பொதுச்சங்கம் விதித்த ஒழுங்கு. ஆண்டுக்கு ஒரு முறை என்பது குறைந்த அளவு மட்டுமே.

குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் இடமான பாவசங்கீர்த்தனத் தொட்டியை நெருங்கும்போது ஏற்படும் அச்சம் இயல்பானது. குருவானவர் யாரிடமாவது சொல்லிவிடுவாரோ, அடுத்த முறை என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடுமோ என்றெல்லாம் மனம் தயங்கும். இங்கே திருச்சபையின் சட்டம் சிறிதும் நெகிழாதது: கேட்டதைச் சொல்லாலோ சைகையாலோ வேறெந்த வகையிலோ வெளிப்படுத்தக் கூடாது, தம் உயிரைக் காத்துக்கொள்வதற்காகவும் கூடாது, நீதிமன்றம் கேட்டாலும் கூடாது. அவ்வாறு பெற்ற அறிவைக் கொண்டு, அறிக்கையிட்டவருக்குத் தீங்கு வரும்படியாக நடந்துகொள்ளவும் கூடாது. பாவசங்கீர்த்தன முத்திரை எனப்படும் இந்த இரகசியக் காப்பை நேரடியாக மீறும் குரு அக்கணமே திருச்சபையின் ஒன்றிப்பிலிருந்து விலக்கப்படுகிறார். அந்தத் தண்டனையை நீக்கும் அதிகாரம் திருத்தந்தையின் ஆட்சிப்பீடத்துக்கே உரியது. 1393-இல் பிராகா நகரில் ஆற்றில் தள்ளிக் கொல்லப்பட்ட நெப்போமுக் யோவானை இந்த முத்திரையைக் காத்த மறைச்சாட்சியாகத் திருச்சபை மரபு போற்றுகிறது.

மன்னிப்பு இவ்வளவு எளிதாகக் கிடைத்தால் மீண்டும் மீண்டும் பாவம் செய்யலாமே என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. திருந்தும் எண்ணம் இல்லாமல் சொல்லப்படும் பாவசங்கீர்த்தனம் செல்லாது. திருடியவர் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவதூறு பேசியவர் கெடுத்த பெயரை மீட்டுத்தர முயல வேண்டும். அடுத்தவரின் நிலத்தை வளைத்துக்கொண்டவர் அதை வைத்துக்கொண்டே பாவமன்னிப்புப் பெற முடியாது. இதை நம் பங்குகளில் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதே சமயம், பல ஆண்டுகள் சுமந்த ஒன்றைச் சொல்லி முடித்தபின், "உம் பாவங்களை மன்னிக்கிறேன்" என்று ஒரு மனிதக் குரல் சொல்வதைத் தன் காதாலேயே கேட்பது எத்தகைய விடுதலை என்பதை, அதைப் பெற்றவர்கள் நன்கு அறிவார்கள்.

புனிதர்கள், சுரூபங்கள், நேர்ச்சைகள்

கடவுள் இருக்க மாதாவிடம் ஏன் வேண்டுகிறீர்கள் என்று பிற திருச்சபை உறவினர்கள் கேட்பது வழக்கம். கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே இயேசு ஒருவரே இணைப்பாளர் என்று திருத்தூதர் பவுல் எழுதியதைக் கத்தோலிக்கத் திருச்சபையும் முழுமையாக ஏற்கிறது. ஆனால் அதே பவுல் தமக்காக வேண்டிக்கொள்ளுமாறு பலமுறை சபைகளைக் கேட்டுக்கொள்கிறார். தேர்வு எழுதும் மகனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று அண்டை வீட்டாரிடம் சொல்வது இயேசுவின் இடத்தைப் பறிப்பதாகாது. கிறிஸ்துவில் வாழ்ந்தவர்களின் அன்பை இறப்பு அறுத்துவிடுவதில்லை என்று நம்பும்போது, விண்ணகத்தில் இருப்பவரிடமும் அதே வேண்டுகோளை வைக்கலாம். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்னும் சொற்களே மரியா செபத்திலும் புனிதர்களின் மன்றாட்டுமாலையிலும் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்துப் பார்க்கலாம்.

கடவுளுக்கு மட்டுமே உரிய ஆராதனை வேறு, புனிதர்களுக்கும் அவர்களின் உருவங்களுக்கும் செலுத்தும் வணக்கம் வேறு என்று 787-இல் கூடிய இரண்டாம் நீசேயா பொதுச்சங்கம் தெளிவுபடுத்தியது. உருவத்துக்குச் செலுத்தும் வணக்கம் அது குறிக்கும் ஆளுக்கே சென்று சேர்கிறது. கடவுள் காணக்கூடிய உடலை ஏற்றுவிட்டதால் அவரை வரையலாம், செதுக்கலாம் என்பதே அன்றைய வாதத்தின் சாரம். மீண்டும் அதே வேருக்குத்தான் வந்து சேர்கிறோம். எனினும் எச்சரிக்கையும் திருவிவிலியத்திலேயே இருக்கிறது. மோசே கடவுளின் கட்டளைப்படி செய்த வெண்கலப் பாம்புக்குப் பிற்காலத்தில் மக்கள் தூபம் காட்டத் தொடங்கியபோது, எசேக்கியா அரசர் அதை உடைத்துப்போட்டார். குறிப்பிட்ட ஒரு சுரூபத்துக்கே தனி ஆற்றல் இருப்பதாக எண்ணி, ஓர் ஊர் மாதாவை மற்றோர் ஊர் மாதாவைவிட வல்லமை மிக்கவர் என்று பேசுகிறவர்கள் அந்த எல்லையை நெருங்குகிறார்கள். வேளாங்கண்ணியிலும் பூண்டியிலும் இலங்கையின் மடுவிலும் வணங்கப்படுபவர் ஒரே மரியாதான்.

புனிதர் பட்டம் வழங்குவதைத் திருச்சபை ஒருவரைப் புனிதராக ஆக்குவதாக எண்ணக் கூடாது. ஒருவர் கடவுளோடு இருக்கிறார் என்று அது உறுதியாக அறிவிக்கிறது. நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசில் பணியாற்றி, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம், சிறையும் சித்திரவதையும் அனுபவித்து 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். அவர் குருவோ துறவியோ அல்லர். மணமாகிக் குடும்ப வாழ்வு வாழ்ந்த பொதுநிலையினர். புனிதம் என்பது துறவு மடங்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணுபவர்களுக்கு அவருடைய வாழ்வைத்தான் முதலில் காட்டுவேன்.

நேர்ச்சையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஆகஸ்ட் 29 அன்று கொடியேறி செப்டம்பர் 8 வரை நடைபெறும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்தே வருவதும், மொட்டையடிப்பதும், நலம் பெற்ற உறுப்பின் உருவத்தை வெள்ளியில் செய்து காணிக்கையாக்குவதும் நன்றியின் வெளிப்பாடுகளாக இருக்கும்வரை அழகானவை. "இதைக் கொடுத்தால் அதைச் செய்கிறேன்" என்று கடவுளோடு பேரம் பேசும்போது அவை தம் பொருளை இழக்கின்றன. கேட்டது கிடைக்கவில்லை என்றால் நேர்ச்சை தவறியதால் வந்த தண்டனை என்று அஞ்சுவதற்குக் கத்தோலிக்கப் போதனையில் இடமில்லை. நிறைவேற்ற முடியாத நேர்ச்சையைப் பங்குத்தந்தையிடம் சொன்னால், அதிலிருந்து விடுவிக்கவோ வேறொன்றாக மாற்றித்தரவோ அவருக்கு அதிகாரம் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஒருசந்தி, சுத்தபோசனம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் இவை இரண்டும் கட்டாயமான நாள்கள். ஒருசந்தி என்பது நாளில் ஒரு வேளை மட்டும் வயிறார உண்பது. பதினெட்டு வயது நிறைந்தவர் முதல் ஐம்பத்தொன்பது வயது நிறையும்வரை அனைவரையும் அது கட்டுப்படுத்துகிறது. சுத்தபோசனம் என்பது இறைச்சியைத் தவிர்ப்பது. பதினான்கு வயதிலிருந்து அது தொடங்குகிறது. மீன் உண்ணத் தடையில்லை. ஆயினும் பெரிய வெள்ளியன்று விலையுயர்ந்த வஞ்சிரத்தை வாங்கிச் சமைத்து உண்டால், விதியின் எழுத்து காக்கப்படும், ஒறுத்தலோ நிகழாது. மிச்சப்பட்ட பணம் பசித்தவருக்குச் செல்ல வேண்டும் என்பதே தவக்காலத்தின் நோக்கம்.

திருமணமும் அதன் முறிவும்

திருமணத்தில் அருளடையாளத்தை நிறைவேற்றுபவர் குருவானவர் என்று பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். இலத்தீன் வழிபாட்டு மரபின்படி மணமக்களே அதை ஒருவருக்கொருவர் வழங்குகிறார்கள். குருவானவர் திருச்சபையின் சார்பில் அவர்களின் சம்மதத்தைக் கேட்டுப் பெறும் சாட்சி. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கத் திருமணங்களில் தாலி மந்திரித்துக் கட்டப்படுகிறது. ஆனால் திருமணம் நிகழ்வது தாலி கட்டும் நொடியில் அன்று, சம்மதச் சொற்கள் பரிமாறப்படும் நொடியில். கோவிலில் திருமண அறிவிப்பான ஓலையை வாசிப்பதும், திருமணத் தயாரிப்பு வகுப்புகளும், குருவானவர் இருவரையும் தனித்தனியாக விசாரிப்பதும் அந்தச் சம்மதம் கட்டாயமின்றி, மறைப்பின்றித் தரப்படுகிறதா என்று உறுதிசெய்வதற்காகவே. பெற்றோரின் மிரட்டலுக்கு அஞ்சிச் சொல்லப்படும் சம்மதம் சம்மதமே ஆகாது. இதை மணமகளிடம் தெளிவாக எடுத்துச் சொல்லும் துணிவு நம் குடும்பங்களுக்கு வேண்டும்.

கத்தோலிக்கர் அல்லாதவரை மணக்கலாமா? மணக்கலாம். மற்றவர் பிற திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றவராக இருந்தால் ஆயரின் அனுமதி வேண்டும். திருமுழுக்குப் பெறாதவராக இருந்தால் ஆயரிடமிருந்து விதிவிலக்குப் பெற வேண்டும், அது இல்லையேல் திருமணம் செல்லாது. கத்தோலிக்கத் தரப்பினர் தம் நம்பிக்கையைக் கைவிடுவதில்லை என்றும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாகவும் வாக்களிக்கிறார். மற்றவருக்கு இந்த வாக்குறுதி தெரிவிக்கப்படுகிறது. அவரிடம் வாக்குறுதி கேட்கப்படுவதில்லை, அவர் மதம் மாற வேண்டிய கட்டாயமும் இல்லை. மதம் மாறினால்தான் கோவிலில் கல்யாணம் என்று வீட்டார் அழுத்தம் கொடுத்தால், அது அவர்களுடைய விருப்பமேயன்றித் திருச்சபையின் சட்டமாகாது.

மணமுறிவைப் பற்றிய ஒரு தவறான எண்ணம் பல பெண்களைத் தேவையின்றி வதைக்கிறது. கணவரின் கொடுமையால் பிரிந்து நீதிமன்றத்தில் விவாகரத்துப் பெற்றவர், மறுமணம் செய்யாதவரை, நற்கருணை பெற எந்தத் தடையும் இல்லை. முதல் திருமணப் பிணைப்பு இருக்கும்போதே மறுமணம் செய்துகொள்வதில்தான் சிக்கல் எழுகிறது. மறைமாவட்டத் தீர்ப்பாயம் வழங்கும் செல்லாமை அறிவிப்பும் விவாகரத்தின் மறுபெயரன்று. இருந்த திருமணத்தை அது உடைப்பதில்லை; சம்மதத்திலோ வேறு அடிப்படை நிபந்தனையிலோ குறை இருந்ததால் தொடக்கத்திலிருந்தே திருமணப் பிணைப்பு உண்டாகவில்லை என்று ஆராய்ந்து அறிவிக்கிறது. முன்பு இரண்டு தீர்ப்பாயங்கள் ஒரே முடிவுக்கு வர வேண்டியிருந்தது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்தக் கட்டாயத்தை நீக்கி நடைமுறையை எளிதாக்கினார். இந்தியாவில் இந்தத் தீர்ப்பு அரசுச் சட்டத்தின்படி செல்லுபடியாகாது என்பதால், குடிமைச் சட்ட நிலைக்கு நீதிமன்றத்தின் ஆணை தனியாக வேண்டும். இத்தகைய திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் முறைகேடான பிள்ளைகளாகிவிடுவார்களோ என்ற அச்சமும் தேவையற்றது. பெற்றோரில் ஒருவராவது நல்லெண்ணத்தோடு செய்துகொண்ட திருமணமாக இருந்தால் பிள்ளைகளின் நிலை மாறுவதில்லை என்று திருச்சபைச் சட்டமே கூறுகிறது.

நோயும் இறப்பும்

குருவானவரை வீட்டுக்கு அழைத்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று எண்ணி, மூச்சு அடங்கும் தறுவாய் வரை தாமதிக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. நோயில்பூசுதல் சாகப்போகிறவர்களுக்கு மட்டுமானதன்று என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் தெளிவாக்கியது. 1972-இல் வெளிவந்த புதிய முறையும் அதை வலியுறுத்துகிறது. கடுமையான நோயின் தொடக்கத்திலும், பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்னும், முதுமையால் தளர்ந்தபோதும் இதைப் பெறலாம். நோய் மீண்டும் வந்தால் மீண்டும் பெறலாம். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி, ஆண்டவர் தாங்கி நிமிர்த்த வேண்டும் என்று வேண்டப்படுகிறது. யாக்கோபு தம் திருமுகத்தில் நோயுற்றவருக்குச் செய்யச் சொன்னதும் இதுவே. நினைவு இருக்கும்போதே அழைத்தால் நோயாளி தம் வாயால் பாவசங்கீர்த்தனம் செய்யலாம், நற்கருணையும் பெறலாம்; தாமதிப்பவர்கள் இந்த இரண்டையும் அவரிடமிருந்து பறித்துவிடுகிறார்கள்.

உடலைப் புதைப்பதையே திருச்சபை விரும்புகிறது. ஆயினும் 1963 முதல், உயிர்த்தெழுதலை மறுக்கும் நோக்கம் இல்லாதவரை, எரியூட்டவும் அனுமதி உண்டு. கல்லறைத் தோட்டங்களில் இடமில்லாத நகரங்களில் இந்த அனுமதி பெரிய உதவி. சாம்பலை ஆற்றிலோ கடலிலோ கரைப்பதும், வீட்டில் வைத்துக்கொள்வதும் கூடாது. அதைக் கல்லறையிலோ அதற்கென ஒதுக்கப்பட்ட புனித இடத்திலோ வைக்க வேண்டும் என்று 2016-இல் வத்திக்கான் அறிவுறுத்தியது. இறந்தவரின் உடலும் திருமுழுக்கின் நீரைத் தாங்கிய உடல், எண்ணெய் பூசப்பட்ட உடல், நற்கருணையை ஏற்ற உடல் என்பதே இந்த அக்கறையின் காரணம்.

இறந்தவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பது ஏன்? கடவுளின் அன்பில் இறந்தும் முழுத் தூய்மை அடையாதவர்கள், அவர் திருமுன் செல்லுமுன் தூய்மை பெறுகிறார்கள் என்று திருச்சபை நம்புகிறது. பழைய செபநூல்கள் உத்தரிக்கிற ஸ்தலம் என்று குறிப்பிடுவது இதையே. வீழ்ந்த வீரர்களின் பாவத்துக்காக யூதா மக்கபே எருசலேமுக்குக் காணிக்கை அனுப்பியதை மக்கபேயர் இரண்டாம் நூல் பாராட்டிச் சொல்கிறது. நவம்பர் 2 அன்று தமிழ்நாட்டுக் கல்லறைத் தோட்டங்கள் பூக்களாலும் மெழுகுதிரிகளாலும் நிறைவதும், குருவானவர் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போவதும் அந்த நம்பிக்கையால்தான். பூசைக் கருத்துக்கு, அதாவது ஒருவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கேட்டு, கொடுக்கும் பணம் திருப்பலியின் விலையாகாது. அது குருவின் வாழ்வுக்கும் திருச்சபையின் பணிக்கும் தரப்படும் காணிக்கை. காணிக்கை பெற்ற ஒவ்வொரு கருத்துக்கும் தனித் திருப்பலி நிறைவேற்ற வேண்டும் என்பது பொதுவான சட்டம். கையில் ஒன்றும் இல்லாத ஏழை கேட்கும் கருத்துக்காகவும், காணிக்கை எதுவும் பெறாமல், திருப்பலி நிறைவேற்றுமாறு குருக்களை அதே சட்டத்தொகுப்பு வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறது. ஆகவே தாயின் நினைவு நாளுக்குத் திருப்பலி வேண்டுமென்று கேட்க, பணம் இல்லாத எவரும் பங்குத்தந்தையின் வீட்டு வாசலில் தயங்கி நிற்க வேண்டியதில்லை.